களிமண்ணில் பெரியாறு அணை!
ஊற்றியது இரண்டே செம்பு, சுவர் உடைந்தது

கம்பம்:
"மாமா, பெரியாறு மேற்கே கேரளாவுக்குத்தானே ஓடுது? அப்புறம் நம்ம வயலுக்கு எப்படித் தண்ணி வருது?"

4-ம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள் கேட்ட கேள்வி இது. போலீஸ் நிலையமும் நகராட்சியுமாக அலையும் நிருபர் நான். வாயால் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. கண்மாயில் இருந்து ஒரு கூடை களிமண் வந்தது. தெருப் பிள்ளைகள் 5 பேர் கூடி விட்டார்கள்.

கொல்லையில் மலை

கொல்லைப்புறத்தில் மலை எழுந்தது. அதற்கு மேற்கே பள்ளம் தோண்டி, தேக்கடி ஏரி என்றார்கள். ஏரியின் மேற்குக் கரையில் களிமண் சுவர்தான் அணை. அதற்குக் கீழே ஒரு பையன் தீப்பெட்டிகளை அடுக்கி, "இது வண்டிப்பெரியாறு" என்றான். இரண்டாவது செம்புத் தண்ணீரிலேயே சுவர் கரைந்தது. தீப்பெட்டிகள் மிதந்தன. பையன் அழாத குறை!

"பென்னிகுயிக் துரைக்கும் இதே கதிதான்டா" என்றேன். 1887-ல் வேலை தொடங்கினார்கள். வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக் கொண்டு போனது. காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் செத்தார்கள். கல், சுண்ணாம்பு, செங்கல் பொடி சேர்த்துக் கட்டி 1895-ல்தான் முடித்தார்கள்.

கேட்டதுமே பிள்ளைகள் கூழாங்கல் பொறுக்க ஓடினார்கள். இரண்டாவது அணை நின்றது.

பப்பாளிக் காம்பு சுரங்கம்

மலையைக் குடைந்து பப்பாளிக் காம்பைச் சொருகினார்கள். கிழக்கே தண்ணீர் எட்டிப் பார்த்ததும் ஒரே கூச்சல். "இரைச்சல் பாலம்!" என்று கத்தினான் ஒருவன். லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று விரலாலேயே வாய்க்கால் இழுத்து வைகை அணையில் விட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அதில் பாதியைத் தன் அப்பா வயலாக்கி விட்டான் ஒரு பொடியன்!

சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றது. "ஏரியில இன்னும் கிடக்கே, ஏன் வரல?" என்றாள் அக்காள் மகள். காம்பு சற்று மேலே இருந்தது. நிஜமும் அதுதான். 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்குத் தண்ணீர் கிடையாது. அந்த எண்ணை எத்தனையோ செய்தியில் எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

சுவரில் தீக்குச்சி சொருகி மற்ற அளவுகளையும் காட்டினேன். கட்டும்போது 152 அடி. பாதுகாப்புப் பயம் கிளம்பி 1979-ல் 136 அடி. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது 142.

"மேலே போகப் போக ஏரி அகலமாகுதே! அந்த 10 அடியில நிறையத் தண்ணி பிடிக்குமே" என்றாள் அவள். தீப்பெட்டிக்காரப் பையன் விடவில்லை. "உடைஞ்சா என் ஊருதானே போகும்?" என்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காளிடம் டீ கேட்டேன்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் இருந்து கலைத் திருவிழா நடக்கிறது. களிமண் வேலையும் அதில் ஒரு போட்டி. பிள்ளையாரும் யானையும் செய்கிற கைக்கு அணை கட்ட வராதா?

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விட்டார்கள். கொல்லையெல்லாம் சேறு. அக்காள் திட்டியது என்னைத்தான்.