விளக்கடி இருட்டு: றொசல்லவில் இறங்குமா டிஜிட்டல் அலை?

1980களில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஆன்டெனாக்கள் தென்னை மரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன. அவற்றின் முகம் சென்னையை நோக்கியிருக்கவில்லை, இலங்கையை நோக்கியிருந்தது. தூர்தர்ஷன் எட்டாத ஊர்களில் இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் படம் கடல் தாண்டி வந்து விழுந்த காலம் அது. 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியோடு தொடங்கிய ரூபவாஹினிக்கு, நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலவில், 2524 மீற்றர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம் அமைந்தது. அந்த உயரத்தில் நின்றால் அலையின் தொடுவானமே 200 கிலோமீற்றருக்கு அப்பால்தான். அதற்கு மேலும் அலையைச் சுமந்துபோக கடலுக்கு மேல் படிந்திருக்கும் வெப்பக் காற்றடுக்குகள் உதவும். அதே கோபுரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது றொசல்ல. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, மலையக ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன், சுற்றிலும் தேயிலை. ஆனால் நடுவில் கிரேட் வெஸ்டர்ன் மலை நிற்கிறது, அதற்கு இப்பால் முகட்டுக்குப் பின் முகடு. கோபுரம் நுவரெலியா மாவட்டத்தில், தோட்டமும் நுவரெலியா மாவட்டத்தில். இருந்தும் பள்ளத்தில் கிடக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அந்தக் கோபுரம் கண்ணிலேயே படாது. கடல் கடந்த அலைக்குப் பக்கத்துப் பள்ளம் தூரமாகிவிட்டது. விளக்கடி இருட்டு என்பது இதுதான்.

இந்தப் பழைய கதையை இப்போது கிளறக் காரணம் இருக்கிறது. இலங்கைத் தொலைக்காட்சியை அனலொக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டத்துக்கு, பல இழுபறிகளுக்குப் பிறகு, 2014 இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறை தேர்வானது. ஏறத்தாழ 1370 கோடி யென் ஜப்பானியக் கடனும் அந்த ஆண்டே உறுதியானது. 2019 இல் கொழும்புத் தாமரைக் கோபுரம் திறந்துவைக்கப்பட்டது. டிஜிட்டல் ஒளிபரப்பின் நடுநாயகமாக அதைத்தான் சொன்னார்கள். 2022 இல் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது ஜப்பானியக் கடன் வேலைகள் எல்லாம் உறைந்துபோயின. 2024 ஜூலையில் ஜப்பான் மீண்டும் பணம் விடத் தொடங்கியதும் இந்தத் திட்டமும் தூசு தட்டப்பட்டது. ஆக, என்றோ ஒருநாள் அனலொக் நிற்கும், டிஜிட்டல் வரும். கொழும்பில் இருப்பவருக்கு அது தெளிவான படமும் கூடுதல் அலைவரிசைகளும். றொசல்லவில் இருப்பவருக்கு என்ன? உயரமான கோபுரங்களை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் இப்போது வரும் மங்கல் படமும் போய்விடும் என்பதும், பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாக எண்ணித் திட்டம் போட்டால் மலையகத்துக்கு இதைவிட நல்ல ஒளிபரப்பு முறை கிடையாது என்பதும் என் கணிப்பு.

முதலில் அலையின் குணத்தைப் பார்ப்போம். பீதுருதலாகலவிலிருந்து ரூபவாஹினி பழைய நாளில் அனுப்பியது விஎச்எஃப் அலை. அதன் நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல். நீண்ட அலை முகட்டின் மேல் ஓரளவு வளைந்து அந்தப் பக்கம் சரியும். அதனால்தான் மறைவான லயங்களில்கூடப் புள்ளி புள்ளியாகவாவது ஒரு படம் ஆடியது. டிஜிட்டலுக்கு உலகெங்கும் பெரும்பாலும் ஒதுக்கப்படுவது யூஎச்எஃப். அதன் நீளம் அரை மீற்றர் அளவுதான், வளைவதும் குறைவு. இன்னொன்றும் உண்டு. அனலொக் படம் மெல்லச் சாகும். அலை குறையக் குறையப் புள்ளி கூடும், ஒருவர் நிழல்போல இருவராகத் தெரிவார், ஆனாலும் செய்தி காதில் விழும். டிஜிட்டலில் அந்த நடுநிலை இல்லை. குறிப்பிட்ட அளவு அலை கிடைக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, திரை கறுத்துவிடும். கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “இப்ப தெரியுதா?” என்று கத்தும் பழைய வித்தை அதற்குப் பிறகு பலிக்காது.

அதே டிஜிட்டலுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது, அது மலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மலைச்சரிவில் மோதித் திரும்பும் எதிரொலி அலைதான் அனலொக் படத்தில் அந்த இரட்டை நிழலை உண்டாக்கியது. டிஜிட்டல் முறை ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விட்டு அனுப்புவதால், பின்தங்கி வரும் எதிரொலி அதில் அடங்கிப்போகும். இதனால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பெரிய கோபுரத்தின் அலையை ஒரு முகட்டில் பிடித்து, அதே அதிர்வெண்ணிலேயே, சிறிய மின்வலுவில், மறுபக்கப் பள்ளத்தில் இறக்கிவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. அனலொக்கில் ஒவ்வொரு சிறு நிலையத்துக்கும் வேறு அதிர்வெண் தேட வேண்டியிருந்தது. ஆக, தொழில்நுட்பம் தடையல்ல. அந்தச் சின்ன நிலையத்தை வைக்க யாருக்கு மனம் வரும் என்பதுதான் கேள்வி.

மனம் வராமல் போவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒளிபரப்புத் திட்டங்கள் எப்போதும் சனத்தொகை வீதத்தில் பேசும். ‘95 வீதம் பேருக்குப் போய்ச்சேரும்’ என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் தோட்டப்புறத்தில் வாழ்வோர் 4.4 வீதம். அதாவது, நாட்டிலுள்ள தோட்டத்து மக்கள் அத்தனை பேரையும் இருட்டில் விட்டுவிட்டுக்கூட 95 வீதத்தை எட்டி, திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதலாம். கடைசி ஐந்து வீதம் யார் என்று கேட்காத கணக்கு மலையகத்துக்கு ஆபத்தான கணக்கு. பிரித்தானியாவின் அனுபவம் இதைச் சரியாகக் காட்டும். அங்கே சுமார் 80 பெரிய கோபுரங்கள் 90 வீத மக்களைத் தொட்டுவிடும். அடுத்த எட்டரை வீதத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிலையங்களை மலை இடுக்குகளில் நட்டிருக்கிறார்கள். தெற்கு வேல்ஸின் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் அவை நிறைய. பொதுச்சேவை அலைவரிசைகள் இந்தச் சிறு நிலையங்களிலும் வந்தே ஆகவேண்டும் என்று கடப்பாடு போட்டார்கள். அந்தக் கடப்பாடு இல்லாத வணிக அலைவரிசைகள் பெரிய கோபுரங்களோடு நின்றுகொண்டன. கட்டாயப்படுத்தாத இடத்தில் பள்ளத்தாக்குக்கு யாரும் இறங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிலையம் வைக்கப் பணம் எங்கே என்று கேட்பார்கள். கடனில் விழுந்து எழும் நாட்டில் நியாயமான கேள்வி. ஆனால் நிலையம் மட்டுமே வழியல்ல. 1955 இல் ஜப்பானின் குன்மா மாகாணத்தில், இகாஹோ என்ற மலையூரில், அலை நன்றாக விழும் இடத்தில் ஒரேயொரு பொது ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வயர் இழுத்து வீடுகளுக்குப் படம் கொடுத்தார்கள். இத்தகைய கூட்டு ஆன்டெனாக்களிலிருந்து வளர்ந்ததுதான் அந்நாட்டின் கேபிள் தொலைக்காட்சி. அமெரிக்காவிலும் பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களில் 1950 வாக்கில் இதே கதை. தோட்டத்து லயத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று அந்தக் கூரையில் காம்பராவுக்கு ஒன்றாக டிஷ்கள், எல்லாம் வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்தபடி, கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல வரிசையாக நிற்கும். அத்தனைக்கும் பதில் முகட்டில் ஒரு ஆன்டெனா, ஒரு பெருக்கி, லயத்து நீளத்துக்கு ஒரு வயர் போதும். முகடோ லயமோ தொழிலாளியுடையதல்ல என்பதுதான் சிக்கல். 1992 முதல் தோட்டங்களை நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள். ஒரு கம்பம் நடவும் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுப்பதைக் கம்பனியின் கருணைக்கு விடாமல் ஒளிபரப்பு விதிகளிலேயே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘அதுதான் டிஷ் இருக்கிறதே, இனி எதற்கு ஆன்டெனா?’ என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், மலையகம் டிஷ்ஷுக்கு மாறி ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் அந்த மாற்றம் விருப்பத்தில் நடந்தது குறைவு, வேறு வழியில்லாமல் நடந்தது அதிகம். நகரத்தில் இருப்பவர் ரூபவாஹினியையும் வசந்தத்தையும் காசில்லாமல் பார்க்க, நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர் அதே அரச அலைவரிசைகளுக்கு ரீலோட் போடுகிறார். இந்த முரணை முறைகேடு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அடுத்தது மழை. டிஷ்ஷுக்கு வருவது மிகக் குறுகிய அலை, இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். கனமழை அதைக் குடித்துவிடும். றொசல்லவுக்குப் பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவம் அடித்து ஊற்றும்போது டிஷ் திரை ‘சிக்னல் இல்லை’ என்று காட்டுவது அங்கே யாருக்கும் புதிதல்ல. தரைவழி யூஎச்எஃப் அலையை மழை அநேகமாகத் தொடுவதேயில்லை.

போன் இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது கல்வி அமைச்சு ‘குருகெதர’ பாடங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. இணைய வகுப்புக்கு டேட்டாவும் இல்லை, கவரேஜும் இல்லை என்றிருந்த தோட்டங்களுக்கு இப்படி ஒரு வழிதான் தேவைப்பட்டது. போன் கோபுரத்தை ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் அழைத்தால் அது திணறும். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு ஒருவர் பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் ஒன்றுதான்.

இது படம் பார்க்கும் விஷயத்தோடு நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மலைகளை உடைத்துப் போட்டது. மின்சாரமும் போன் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. இலங்கை தேர்ந்துகொண்ட ஜப்பானிய முறையில் ஒரு சிறப்பு இருக்கிறது: ஆபத்து நேரத்தில் ஒளிபரப்போடு ஒரு சமிக்ஞை அனுப்பினால், அதற்கேற்ற தொலைக்காட்சிப் பெட்டி, தூங்கும் நிலையில் இருந்தாலும் தானே விழித்து எச்சரிக்கும். நிலநடுக்கத்தோடு வாழும் நாடு தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மின்சாரமே இல்லாவிட்டால் பெட்டி எப்படி விழிக்கும் என்று கேட்கலாம். மண்சரிவு எச்சரிக்கை பயன்படுவது மண் சரிவதற்கு முந்திய சில மணி நேரத்தில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே. மின்கம்பம் சாய்வது பல நேரங்களில் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த எச்சரிக்கை தமிழில் வர வேண்டும், அதே நிமிடத்தில் வர வேண்டும். விழித்தெழும் வசதி இல்லாத மலிவுப் பெட்டியை மானியம் என்று தோட்டத்துக்குத் தள்ளிவிடவும் கூடாது.

ஆகவே கேட்க வேண்டியவை அதிகமில்லை. அனலொக்கை நிறுத்தும் முன் வட்டவளை, றொசல்ல, ஹட்டன், கொட்டகலை என்று ஒவ்வொரு பள்ளத்திலும், நகர் நடுவில் அல்ல, லயத்துக் கூரை உயரத்தில், அலையை அளந்து முடிவை வெளியிடட்டும். அரச அலைவரிசைகளும் தமிழ் அலைவரிசைகள் எல்லாமும் அந்தப் பள்ளங்களை எட்டியே ஆகவேண்டும் என்று ஒரு கடப்பாடு எழுதட்டும். அளவு தேறாத இடத்தில் அனலொக் தொடரட்டும். இப்படிக் கேட்பது அதிகப்படி ஆசை என்று கொழும்பில் யாராவது சொன்னால், நமக்கு இந்த முறையைத் தந்த நாட்டையே காட்டலாம். ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று நாடு முழுதும் அனலொக்கை நிறுத்தியது. அந்த மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியிருந்த இவாத்தே, மியாகி, புக்குஷிமா ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும் அன்று நிறுத்தவில்லை. 2012 மார்ச் 31 வரை பழைய ஒளிபரப்பை ஓடவிட்டது.