தலைநகரம் என்னும் பள்ளிக்கூடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதுமொழி. நாட்டின் ஆட்சிமுறையை அறிவதிலும் இது மெய்யாகும். ஓர் அரசியலமைப்பின் பிரிவுகளை எல்லாம் மனனஞ் செய்தவர்கூட, அமைச்சர் ஒருவர் நன்மையான இரு திட்டங்களுள் ஒன்றைக் கைவிட நேரும்போது எதனை எண்ணி முடிவு செய்கிறார் என்பதை நூல்களிலிருந்து அறிந்துகொள்ள இயலாது. அதனை அருகிலிருந்து பார்த்தல் வேண்டும். இக்கருத்தின் அடிப்படையில், பல துறைகளையுஞ் சேர்ந்த இளைஞரை ஒரு குழுவாகத் தலைநகருக்கு வரவழைத்து, ஆட்சி நடைபெறும் இடத்திலேயே பயிற்சி அளிக்கும் ஏற்பாடுகள் சில நாடுகளில் தோன்றின. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வெள்ளை மாளிகைப் பயிலுநர் திட்டமாகும்.

இத்திட்டத்தின் மூலகர்த்தா ஜோன் கார்ட்னர் என்பவர். அக்காலத்தில் அவர் கல்விப் பணிகளுக்குப் பொருளுதவி செய்யும் கார்னகி நிறுவனத்தின் தலைவராக இருந்தார். நாடு பெரிது, மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர், ஆசிரியர் முதலியோர் தத்தம் ஊரில், தத்தம் தொழிலில் மூழ்கியிருக்கின்றனர், மத்திய அரசாங்கமோ அவர்களுக்கு எட்டாத் தொலைவிலுள்ள பொருளாகத் தோன்றுகிறது. ஆற்றல்மிக்க இளைஞர் சிலர் ஓராண்டு தலைநகரில் ஆட்சியின் உள்ளிருந்து பணியாற்றி, அவ்வனுபவத்தோடு தம் ஊருக்கும் தொழிலுக்கும் திரும்புவாராயின் இவ்விடைவெளி குறையும் என்பதே அவர் எண்ணம். சனாதிபதி லிண்டன் ஜோன்சன் இதனை ஏற்று, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டில் 15 பேர் கொண்ட முதற்குழு வாஷிங்டன் நகரை அடைந்தது. அதே 1965ஆம் ஆண்டில் கார்ட்னரும் சுகாதாரம், கல்வி, பொதுநலம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராகத் தலைநகருக்கு வந்து சேர்ந்தார்.

வாஷிங்டன் நகரின் அமைப்பே முதற் பாடமாகும். பிரான்சு நாட்டவரான பியர் லான்பான் 1791ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி, சட்டமியற்றும் கொங்கிரஸ் கூடும் கப்பிற்றோல் மாளிகை ஒரு மேட்டின்மீது நிற்கின்றது. சனாதிபதியின் வெள்ளை மாளிகை அதிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் உள்ளது. உயர் நீதிமன்றமோ 1935ஆம் ஆண்டு வரை தனக்கெனக் கட்டிடம் இன்றிக் கப்பிற்றோல் மாளிகைக்குள்ளேயே ஒதுங்கியிருந்தது. சட்டத்துறை, ஆட்சித்துறை, நீதித்துறை என்னும் மூன்றும் வெவ்வேறாக இயங்கவேண்டும் என்ற கொள்கையை, சுற்றிப் பார்க்க வருவோர் இக்கட்டிடங்களிற் காண்கின்றனர். பயிலுநரோ ஒரு கட்டிடத்துக்கும் மற்றொரு கட்டிடத்துக்கும் இடையே செல்லும் பத்திரங்களில் அதனைக் காண்கின்றனர்.

வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1921ஆம் ஆண்டின் சட்டமொன்று இரு காரியாலயங்களை ஒருங்கே தோற்றுவித்தது. ஒன்று, திணைக்களங்களின் தேவைகளைத் திரட்டிச் சனாதிபதிக்காக வரவுசெலவுத் திட்டத்தை ஆயத்தஞ் செய்யும் காரியாலயம். மற்றொன்று, செலவிடப்பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்டுக் கொங்கிரசுக்கு அறிவிக்கும் காரியாலயம். ஒரு கை செலவுக்குத் திட்டமிடும்போதே அதனைக் கண்காணிக்க மற்றொரு கையும் படைக்கப்பட்டது. அவ்வளவில் நில்லாது, சனாதிபதியின் மதிப்பீடுகளையே நம்பியிருத்தல் தகாதெனக் கருதிய கொங்கிரஸ், 1974ஆம் ஆண்டில் தனக்கென வேறொரு வரவுசெலவுக் காரியாலயத்தையும் அமைத்துக்கொண்டது. அதிகாரம் எங்குள்ளதோ அங்கே கேள்வியும் இருத்தல் வேண்டும் என்ற பாடம் இங்கே கணக்கேடுகளில் எழுதப்பட்டுள்ளது.

1972ஆம் ஆண்டில் வந்த பயிலுநருள் ஒருவர் கொலின் பவல் என்னும் இராணுவ அதிகாரி. யமெய்க்காத் தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயோர்க்கிற் பிறந்தவர். வியட்நாம் போர்முனையைக் கண்டிருந்த அவருக்கு, மேற்கூறிய வரவுசெலவுக் காரியாலயத்தில் இடங் கிடைத்தது. துப்பாக்கி ஏந்திப் பழகிய கை அங்கே செலவுத் தொகைகளைப் புரட்டிப் பார்த்தது. ஆண்டு நிறைவுற்றதும் அவர் கொரியாவிலிருந்த ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கத் திரும்பிச் சென்றார். எனினும் அக்காரியாலயத்தின் தலைவராயிருந்த காஸ்பர் வைன்பேர்கரும் துணைத்தலைவராயிருந்த பிராங்க் கார்லூச்சியும் பின்னாளில் உயர்பதவிகளை வகித்தபோது அவரைத் தம்மருகே அழைத்துக்கொண்டனர். 1989ஆம் ஆண்டில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராகவும், 2001ஆம் ஆண்டில் வெளிநாட்டமைச்சராகவும் பவல் உயர்ந்தார்.

இத்தகைய உயர்வு ஓர் ஐயத்தையும் எழுப்புகின்றது. ஊருக்குத் திரும்பும் குடிமக்களை உருவாக்க அமைந்த திட்டம், பதவிக்கு ஏறும் படிக்கட்டாக மாறிவிடாதா? அதிகாரத்தின் அருகில் ஓராண்டு வாழ்பவர், அதனை எதிர்த்துப் பேசும் வன்மையை இழந்துவிட மாட்டாரா?

இரண்டாம் வினாவுக்கு 1967ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விடை கூறுகின்றது. அவ்வாண்டில் ஹாவாட் பல்கலைக்கழக மாணவியான டோரிஸ் கேர்ன்ஸ் பயிலுநராகத் தெரிவு செய்யப்பட்டார். வியட்நாம் போரை எதிர்த்த அவர், அடுத்த தேர்தலில் ஜோன்சனைப் பதவியிலிருந்து அகற்றும் வழி யாது என்று ஆராயும் கட்டுரையொன்றை நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதியிருந்தார். அது அவ்வேளையிலேயே ஒரு வார இதழில் வெளிவந்தது. தெரிவு இரத்தாகிவிடும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவ்வாறு நேரவில்லை. அவர் முதலில் தொழில் திணைக்களத்திலும், பின்னர் வெள்ளை மாளிகையிலும் பணியாற்றினார். ஜோன்சன் ஓய்வுபெற்றபின் தம் நினைவுக் குறிப்புகளை எழுதுவதற்கும் அவர் உதவியையே நாடினார். கேர்ன்ஸ் 1976ஆம் ஆண்டில் ஜோன்சனின் வாழ்க்கையை ஆராய்ந்து ஒரு நூலை வெளியிட்டார். கண்டித்தவரை வெளியே நிறுத்தியிருந்தால், நாடு அந்நூலை இழந்திருக்கும். திட்டமும் தன் மதிப்பை இழந்திருக்கும்.

தலைநகரம் கற்பிக்கும் இன்னொரு பாடம் கசப்பானது. மக்களாட்சியைக் கற்க வருவோர் தங்கும் அந்நகரத்தின் மக்களுக்கே முழுமையான வாக்குரிமை இல்லை. சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையையே 1961ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் அவர்கள் பெற்றனர். அவர்கள் அவ்வுரிமையை முதன்முதலாகப் பயன்படுத்தியது, பயிலுநர் திட்டம் பிறந்த அதே 1964ஆம் ஆண்டின் தேர்தலிலாகும். தம் நகரபிதாவைத் தாமே தெரிவு செய்யும் வாய்ப்பு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கிட்டியது. 2020ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 6,90,000 பேர் வாழும் அந்நகருக்குச் செனற் சபையில் உறுப்பினர் எவருமில்லை. பிரதிநிதிகள் சபையில் அவர்களுடைய பேராளர் பேசலாம். சட்டமூலம் ஒன்று இறுதியாக நிறைவேறும்போது வாக்களிக்க முடியாது. பிரதிநிதித்துவம் இன்றி வரி விதிக்கப்படுவதைச் சுட்டும் வாசகம் 2000ஆம் ஆண்டு முதல் அந்நகரத்து மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகடுகளில் இடம்பெற்றது. கண்ணுள்ள பயிலுநருக்கு எந்த விரிவுரையினும் அத்தகடு மிகுதியாகக் கற்பிக்கும்.

கார்ட்னர் 1968ஆம் ஆண்டில் அமைச்சுப் பதவியைத் துறந்தார். இரண்டாண்டுகளின் பின், ஆட்சியாளரை மக்கள் சார்பில் விழிப்போடு கண்காணிக்கும் பொதுமக்கள் சங்கமொன்றை நிறுவினார். அவர் தோற்றுவித்த திட்டத்தின் கருத்துக்கு இச்செயலே சிறந்த உரையாகும். அரசாங்கத்தின் உள்ளே சென்று கற்றல் வேண்டும். கற்றபின் வெளியே நின்று கேள்வி கேட்கவும் தெரிதல் வேண்டும். தலைநகரிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் தம் ஊரவருக்கு அரசாங்கம் இயங்கும் முறையை விளக்கி, அதனிடம் கணக்குக் கேட்கும் துணிவையும் ஊட்டுவாராயின், அப்பயணத்துக்குச் செலவிட்ட பொதுப்பணம் பயன்பெற்றதாகும்.