பெய்ரோனேயின் மஞ்சள் உப்பு

ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்? விஞ்ஞானிகளை இன்று எடைபோடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் இந்தக் கணக்கில் பிடிபடாத கண்டுபிடிப்புகளும் உண்டு.

1844-இல் இத்தாலிய வேதியியலாளர் மிக்கேலே பெய்ரோனே, பிளாட்டினத்தின் மஞ்சள் நிற அணைவுச் சேர்மம் ஒன்றைப் பற்றி எழுதினார். அதன் வடிவத்தை 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் விளக்கினார். அது மருந்தாகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்களிடையே மின்சாரம் பாய்ச்சினார். அவை பிளவுபடாமல் நூலாக நீண்டன! காரணம் மின்சாரமல்ல, மின்முனைகளிலிருந்து கரைந்த பிளாட்டினம். செல் பிளவைத் தடுக்கும் சேர்மங்களைத் தேடியபோது அகப்பட்டது பெய்ரோனேயின் உப்பு. மேற்கோள் கணக்கை நம்பியிருந்தால் பெய்ரோனே பதவி உயர்வுக்கே திண்டாடியிருப்பார்.

‘சிஸ்பிளாட்டின்’ என்ற பெயரில் 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, இன்றும் முக்கியமான புற்றுநோய் மருந்து.