பொன்னிறம் வந்த வழி

பிளாண்ட் ஏல் என்னும் பீரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வைக்கோலின் நிறம் தெரியும். கசப்பு குறைவு, மணம் மெலிது, ஆல்கஹால் ஏறக்குறைய ஐந்து சதவீதம். கருக வறுத்த தானியமோ அள்ளிப் போட்ட ஹாப்ஸ் பூவோ இதில் கிடையாது. அதனால் சிறு பிசகும் நாக்கில் தெரிந்துவிடும். அமெரிக்க வீடுகளில் பீர் காய்ச்சுவது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இந்த எளிய பீரைக் கொண்டு அளப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

1920இல் மதுவிலக்கு வந்தபோது மளிகைக் கடைகளில் மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய தானியத்தின் பாகு, டப்பாக்களில் விற்றது. ரொட்டி சுடுவதற்கு என்று பெயர். வீட்டு நிலவறையில் அதோடு நீரும் சர்க்கரையும் கலந்து, ரொட்டிக்கான ஈஸ்ட்டைத் தூவி நொதிக்க வைத்தார்கள். நொதித்தல் முடிவதற்குள் அடைத்த புட்டிகள் வெடித்தன. 1933இல் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் ஒயின் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. பீர் விடுபட்டுப் போனது. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்த விடுபடலைச் சரிசெய்தது. 1979 பிப்ரவரி முதல் பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், வரியில்லாமல். ஆனால் மாநிலங்களின் சட்டம் வேறு. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் வந்த புதிதிலும் காய்ச்சியவர்களில் பெரும்பாலோருக்குக் கைகொடுத்தது அதே டப்பாப் பாகுதான். அது அலமாரியில் இருக்க இருக்கக் கறுக்கும். வீட்டு அடுப்பில் ஐந்து காலன் கொதிக்காது என்பதால், ஒன்றரை காலன் நீரில் பாகைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். கெட்டியான கொதிப்பில் நிறம் இன்னும் ஏறும். டப்பா மூடியோடு வந்த ஈஸ்ட் எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. கடையில் கிடைத்த ஹாப்ஸ் பழுப்பேறியிருக்கும். பொன்னிறத்தை எதிர்பார்த்தவருக்குச் செம்பு நிறம் கிடைத்தது. அதையும் பெருமையோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

தானியத்திலிருந்தே தொடங்க நினைத்தவர்கள் பாத்திரத்தையும் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, அதை இன்னொரு வாளிக்குள் இறக்கி வடிகட்டினார்கள். வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றிச் சார்லி பபாசியன் 1984இல் வெளியிட்ட புத்தகம் இந்த முறையை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. வெந்நீரில் ஊறிய தானியத்தில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டதா என்று பார்க்க வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் சேர்ப்பார்கள். நீலம் பாய்ந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இன்று ஐந்து காலன், அதாவது 19 லிட்டர் பிளாண்ட் ஏலுக்கு நாலு கிலோ வெளிர் மால்ட் போதும். முளைகட்டி, பக்குவமாக உலர்த்தி, அரைத்தே கொடுக்கிறார்கள். மின்பாத்திரம் 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் தானாகவே நிற்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் இருவகைத் தானிய நொதிகளும் சேர்ந்து வேலை செய்யும் சூடு அது. சாறு முழுவதும் ஒரே பாத்திரத்தில் கொதிப்பதால் நிறம் ஏறுவதில்லை. ஹாப்ஸ் காற்று நீக்கிய பொட்டலத்தில் பச்சை மாறாமல் வருகிறது. அன்று குளியல் தொட்டியில் ஐஸ் கொட்டி ஆறவைத்த சாற்றை, இன்று செம்புச் சுருள்குழாய் அரை மணி நேரத்தில் குளிரவைக்கிறது. மிதக்கும் ஒரு சிறு கருவி அடர்த்தியை அளந்து கைபேசிக்கு அனுப்புகிறது. விடியற்காலையில் நிலவறைக்கு இறங்கி, குழாயில் குமிழி வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

அப்படிக் கேட்டவர்களுக்குத் தங்கள் நிலவறையின் குளிரும் வெம்மையும் மாதவாரியாகத் தெரிந்திருந்தன. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்க இன்னொருவர் வேண்டும் என்பதால் நண்பர்கள் வந்தார்கள். வந்தவர்கள் மாலைவரை இருந்தார்கள். இப்போது பம்ப் அந்த வேலையைச் செய்கிறது. நல்ல பீர் வேண்டும் என்ற தேவையும் அன்று வேறு. 1970களின் இறுதியில் அந்த நாட்டில் பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. கிடைத்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே ருசி. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல். நல்ல பிளாண்ட் ஏல் தெருமுனையில் கிடைக்கும்போது, அரைநாள் உழைத்து மூன்று நான்கு வாரம் காத்திருப்பவர் ஆசைக்காக மட்டுமே காத்திருக்கிறார்.

ஆனாலும் அந்த ஆலைகளில் பல வீட்டு அடுப்பிலிருந்து கிளைத்தவை. கென் கிராஸ்மன் 1976இல் கலிபோர்னியாவின் சிகோ ஊரில் வீட்டுப் பீருக்கான பொருள்கள் விற்கும் கடை வைத்தார். 1980இல் பழைய பால்பண்ணைச் சாமான்களைக் கொண்டு, தாம் தொடங்கிய சியரா நெவாடா ஆலையில் முதல் பீரைக் காய்ச்சினார். அங்கே புழங்கிய ஈஸ்ட்டுக்கு ஊரின் பெயரே நிலைத்தது. அதிகம் வாசனை சேர்க்காமல் சுத்தமாக நொதிக்கும் இயல்பு அதற்கு. இன்று பிளாண்ட் ஏல் காய்ச்சும் வீடுகளில் அதிகமாகத் தேடப்படுவது அந்தச் சிகோ ஈஸ்ட்டைத்தான். ஆறிய சாற்றின் மேல் பொட்டலத்தைக் கத்தரித்துத் தூவிவிட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சம் படாத மூலைக்கு நகர்த்துகிறார்கள்.