நந்தனார் சரித்திரம்: மேடையும் திரையும்

பசறையைக் கடந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்களே. அத்தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இசை நாடகம் புதிய பொருளன்று. மாசியில் ஆடப்பெறும் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் மலையகத்தின் பழைய செல்வங்கள். தப்பொலிக்கு மேலே எழுந்து, திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடுபவனே நல்ல கூத்தன் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். அந்த அளவுகோல் திரைப்படத்திற்கும் பொருந்துமா என்பதை ஆராய நந்தனார் கதையே தக்க சான்று. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் நின்று, ஒருநாள் விடுப்புக்காகத் துரையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அக்கதைக்கு உரை வேண்டுவதில்லை.

சேக்கிழார் பெருமான் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் கொடிய எசமானர் எவரும் இலர். தில்லைக்குப் போக விரும்பியும், தம் குலத்தை எண்ணித் தாமே தயங்கி, “நாளைப் போவேன்” என்று நாட்கடத்துகிறார் நந்தனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையை இசைக் காலட்சேபமாக இயற்றியபோது வேதியர் என்ற பண்ணையாரைப் புதிதாகப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தபின் போகலாம் என்று அவர் விதிக்கிறார். அவ்வேலை ஓரிரவில் தெய்வ அருளால் முடிகிறது. தயக்கமாக இருந்தது இவ்வாறு தடையாயிற்று. அடியவரின் உள்ளப் போராட்டம் அடிமைக்கும் ஆண்டைக்கும் இடையிலான வழக்காயிற்று. நாடகத்திற்கு உயிர் வந்தது அங்கேதான்.

இந்நூலில் இலக்கணப் பிழைகள் உளவென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முதலில் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு மனங்கனிந்து அதனை வழங்கினார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஏட்டிலே குறையாகத் தோன்றியது குரலிலே நிறைவாயிற்று. இசை நாடகத்தை ஆராய்வோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

காலட்சேபத்தில் நந்தனும் வேதியரும் ஒரே பாகவதரின் நாவில் வாழ்ந்தனர். நாடகக் கம்பெனிகள் அவர்களை இருவராக்கின. 1935இல் மாணிக்லால் தாண்டன் இயக்கிய திரைப்படத்தில் நந்தனாராக வந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் மேடையில் இணையத் தொடங்கியது அன்றைய இலங்கைத் தலைநகராகிய கொழும்பிலேதான். 1933இல் கிட்டப்பா மறைந்தபின் ஒதுங்கியிருந்த அம்மையார், ஆண் வேடமாகிய இதனை ஏற்க ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர்.

அக்காலத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழ்ப் படங்களுக்கு வரவில்லை. அது 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தோடு வந்தது. ஆகவே நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாடுவார். பக்கவாத்தியக்காரர் படத்தில் விழாதவாறு அருகே மறைந்திருப்பர். மைக்குக்கு எட்டும் இடத்தை விட்டு நகர்ந்தால் குரல் குன்றும். மேடையில் நடந்து, திரும்பி, சபையின் முகமறிந்து பாடிப் பழகியவருக்கு இது சிறையே. மேலும், கொட்டகையின் கோடி வரை செல்ல வேண்டிய குரல் இங்கே ஒரு முழத் தொலைவில் பிடிக்கப்படுகிறது. அப்படத்தின் நடிப்பை எழுத்தாளர் கல்கி கடுமையாகக் கண்டித்ததும் பலர் அறிந்ததே.

அம்மையாரின் குரல் மேல் ஸ்தாயியில் மணிபோல ஒலிப்பது, சொல் சிதையாதது. தில்லையை எண்ணி உருகும் இடங்களுக்கு அதைவிடப் பொருத்தமான குரல் கிடைப்பது அரிது. எனினும் ஆண்டையிடம் விடைகேட்கும் இடத்தில், கெஞ்சுபவனின் நடுக்கத்தை விட அரசியின் கம்பீரமே அத்தகைய குரலில் முந்திக்கொள்ளும். அதைக் குறையென்று சொல்வது மயிலுக்குக் குயிலின் குரல் இல்லையென்று குறைகூறுவதாகலாம். ஆயினும் பாத்திரத்தை நோக்கினால் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

1942இல் ஜெமினி நிறுவனத்தார் முருகதாசாவின் இயக்கத்தில் மீண்டும் எடுத்த படத்தில் நந்தனாரானவர் எம். எம். தண்டபாணி தேசிகர். பாபநாசம் சிவன் போன்றோரின் புதுப்பாடல்களும் பாரதியாரின் கீர்த்தனங்களோடு சேர்ந்தன. தேவாரம் ஓதும் மரபில் வளர்ந்தவர் தேசிகர். ஓதுவார்க்குச் சொல்லே தலைவன், இசை அதன் பணியாள். ஆகையால் மைக்கின் அருகே நின்று தாழ்ந்த குரலில் பேசுவதுபோலப் பாட அவருக்கு இயன்றது. மேடைக்கு எவர் சிறந்தவர் என்றால் அம்மையாரே; திரையின் நந்தனார் யாரென்றால் தேசிகரே.

மாஞ்சி இராகத்தில் பாரதியார் அமைத்த கீர்த்தனம் ஒன்று உண்டு: தொலைவில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும் பாட்டு. கச்சேரிகளில் அதனைப் பாடுவோர் பலர். நீண்ட ஆலாபனையும் சுரக்கோவையும் அதற்குச் சேர்ந்தால் வித்துவான் உள்ளே போய்விடுகிறார். நந்தன் வாயிலிலேயே நின்றுவிடுகிறான். கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு கணம் மூச்சடக்கிக் காத்திருப்பவரே அப்பாட்டைப் பாடியவர் ஆவார். மடுல்சீமையின் பிரட்டுக்களத்தில் நிற்கும் கிழவிக்கு இராகத்தின் பெயர் தெரியாதிருக்கலாம். அந்த ஒரு கண மௌனம் உண்மையா பொய்யா என்பது அவளுக்குத் தெரியும்.