வந்தவரும் இருந்தவரும்

1941-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தில்லியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 9 இலட்சத்து 18 ஆயிரம் பேர். 1951-ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 17 இலட்சத்து 44 ஆயிரமாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் நகரம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இவ்வளர்ச்சி இயல்பாக நிகழ்ந்ததன்று. 1947-ஆம் ஆண்டு நாடு பிரிக்கப்பட்டபோது, மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் தில்லிக்கு வந்து சேர்ந்தனர். அதே காலத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் தில்லியை விட்டு வெளியேறினர்.

ஓர் ஊருக்குள் ஒருவர் இருவராகக் குடியேறுவோர் அவ்வூரின் வழக்கங்களை மெல்லக் கற்றுக்கொள்கின்றனர். அண்டை வீட்டாரிடம் மொழி பழகுகின்றனர். கடைவீதியில் பேரம் பேசக் கற்கின்றனர். பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. வந்தவர்கள் தம் பழக்கங்களோடு தம்முள்ளேயே ஓர் ஊராகிவிடுகின்றனர். இருந்தவர்களோ தம் ஊரிலேயே தாம் அயலார் ஆகிவிட்டதாக அஞ்சுகின்றனர். இவ்விரு நிலைகளும் சேர்ந்தே உரசலை உண்டாக்குகின்றன. அவ்வுரசல் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தணிகிறது என்பதை அறியத் தில்லியின் வரலாறு துணைசெய்கிறது.

பழைய தில்லி

யமுனைக் கரையில் மொகலாயப் பேரரசர் ஷாஜகான் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் நகரமே பழைய தில்லி ஆகும். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக் கடைவீதி ஆகியவை அந்நகரின் அடையாளங்கள். குறுகிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்துவந்த குடும்பங்கள் வாழ்ந்தன. வணிகர், எழுத்தர், கைவினைஞர் எனப் பலரும் அங்கே இருந்தனர். சமயங்கள் வேறாயினும் உருது கலந்த இன்மொழி அவர்களுக்குப் பொதுவாக இருந்தது. பெரியோரிடம் எவ்வாறு பேசுவது, விருந்தினரை எவ்வாறு வரவேற்பது என்பவற்றில் தில்லி மக்கள் தமக்கெனத் தனி நயம் உண்டு என்று பெருமை கொண்டிருந்தனர்.

1911-ஆம் ஆண்டு ஆங்கில அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தது. அதன்பின் பழைய நகரின் தெற்கே புதுதில்லி எழுந்தது. அலுவலகங்களோடு வங்காளிகளும் தமிழர்களும் பிற மாநிலத்தவரும் வந்தனர். அவர்களின் வருகை படிப்படியாக நிகழ்ந்தமையால் பழைய நகரின் வாழ்க்கை பெரிதும் குலையவில்லை. 1947-இல் நேர்ந்தது இதனினும் முற்றிலும் வேறானது.

வெள்ளமென வந்த மக்கள்

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான எல்லைக்கோடு 1947 ஆகஸ்டு 17 அன்று, அதாவது விடுதலை பெற்ற இரண்டு நாள்களுக்குப் பின்னரே வெளியிடப்பட்டது. தம் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையே அறியாதிருந்த மக்கள் கோடிக்கணக்கில் இருந்தனர். இருபுறமும் கலவரம் மூண்டது. இலாகூரிலும் இராவல்பிண்டியிலும் வாழ்ந்த இந்துக்களும் சீக்கியர்களும் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். கிழக்குப் பஞ்சாபின் முஸ்லிம்கள் மேற்கு நோக்கிச் சென்றனர். இரயில்களிலும் மாட்டுவண்டிகளிலும் கால்நடையாகவும் இப்பயணம் நடந்தது. வழியில் உயிரிழந்தோர் பலர்.

தில்லியை அடைந்தவர்கள் இரயில் நிலைய மேடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் தங்கினர். நகரின் வடக்கே கிங்ஸ்வே என்னுமிடத்தில் மிகப் பெரிய முகாம் அமைந்தது. நேற்றுவரை நிலக்கிழாராகவோ ஆசிரியராகவோ வணிகராகவோ இருந்தவர் இன்று ஒரு கூடாரத்தின் முன் உணவுக்காக வரிசையில் நின்றார். அவருக்கு ஏற்பட்ட இழப்பில் வீடும் பொருளும் மட்டுமின்றி, ஊரார் மதிப்பும் அடங்கியிருந்தது.

உரசலின் மூன்று காரணங்கள்

உள்ளூர் மக்கள் முதலில் இரக்கம் காட்டினர். உணவும் உடையும் அளித்தனர். நாள்கள் செல்லச் செல்ல இரக்கத்தின் இடத்தில் எரிச்சல் தோன்றியது. இதற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதற்காரணம் இடம். வீடுகளும் குடிநீரும் பள்ளிகளும் முன்பிருந்த மக்களுக்கே போதுமான அளவில்தான் இருந்தன. இரு மடங்கு மக்கள் அவற்றைப் பகிர நேர்ந்தபோது இருசாராரும் குறைவையே கண்டனர்.

இரண்டாம் காரணம் பிழைப்பு. வந்தவர்கள் கையேந்தி வாழ விரும்பவில்லை. சாந்தினி சௌக்கின் நடைபாதையிலும் கன்னாட் பிளேஸின் ஓரங்களிலும் துணி விரித்துப் பொருள்களை விற்றனர். கடை வாடகை இல்லாமையாலும் குறைந்த இலாபமே போதும் என்று எண்ணியமையாலும் அவர்களால் மலிவாக விற்க முடிந்தது. நெடுங்காலம் கடை வைத்திருந்த வணிகர்கள் இதனை முறையற்ற போட்டி என்று கருதினர். நடைபாதையில் விற்றவருக்கோ அன்று மாலை குழந்தைகளுக்கு உணவு கிடைக்குமா என்பதே கேள்வி.

மூன்றாம் காரணம் பழக்கவழக்கம். பஞ்சாபியர் உரத்துப் பேசினர், நேராகப் பேசினர். தில்லியின் மென்மொழிக்குப் பழகியவர்களின் செவிக்கு அது முரட்டுத்தனமாக ஒலித்தது. தில்லியரின் சுற்றி வளைத்த பணிவுமொழி வந்தவர்களுக்குச் சோம்பலாகவும் பாசாங்காகவும் தோன்றியது. ஒரு சாராரின் இயல்பான பேச்சு மறுசாராருக்கு அவமதிப்பாகப் பட்டது.

பெயரிலும் இவ்வுரசல் வெளிப்பட்டது. வந்தவர்களை மக்கள் ‘சரணார்த்தி’ என்று அழைத்தனர். அடைக்கலம் நாடி வந்தவர் என்பது அதன் பொருள். அவர்களுள் பலர் அச்சொல்லை விரும்பவில்லை. தம்மைப் ‘புருஷார்த்தி’ என்று அழைக்குமாறு கேட்டனர். தம் முயற்சியால் வாழ்பவர் என்பது அதன் கருத்து. அவர்கள் வேண்டியது இரக்கமன்று, மதிப்பே என்பதை இவ்விரு சொற்களின் வேறுபாடு உணர்த்துகிறது.

துயரத்தின் மேல் துயரம்

1947 செப்டம்பரில் தில்லியில் பெருங்கலவரம் வெடித்தது. பகார்கஞ்ச், கரோல் பாக், சப்ஜி மண்டி போன்ற பகுதிகளில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். உயிருக்கு அஞ்சிய அவர்கள் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்தனர். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தில்லியிலேயே ஏதிலியர் ஆயினர்.

காலியான அவர்களின் வீடுகளில், வீடிழந்து வந்த குடும்பங்கள் குடியேறின. கலவரம் ஓய்ந்தபின் முகாமிலிருந்து திரும்பிய சிலர் தம் வீட்டில் வேறொரு குடும்பத்தின் அடுப்பு எரிவதைக் கண்டனர். அவ்வீட்டில் இருந்தவருக்கோ திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லை. அவருடைய வீடும் எல்லைக்கு அப்பால் பிறர் வசம் ஆகியிருந்தது. மசூதிகள் சிலவும் தங்குமிடங்கள் ஆயின. வட இந்தியக் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தனக்கு நேர்ந்த கொடுமைக்கு, அதனைச் செய்யாத ஒருவரிடம் ஈடு பெற முடியுமா என்பதே அன்று தில்லியின் முன் நின்ற கேள்வி. இலாகூரில் ஒருவர் இழந்த வீட்டுக்குத் தில்லியின் நெசவாளரோ தச்சரோ பொறுப்பாகமாட்டார். ஆயினும் சினம் தனக்கு அருகில் இருப்பவரையே தேடுகிறது.

காந்தியடிகள் 1947 செப்டம்பர் 9 அன்று தில்லிக்கு வந்தார். இருசாராரின் முகாம்களுக்கும் சென்று மக்களின் துயரத்தைக் கேட்டார். 1948 சனவரி 13 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். முஸ்லிம்கள் நகரில் அச்சமின்றி நடமாட வேண்டும், வாழிடங்களாக்கப்பட்ட மசூதிகள் திருப்பித் தரப்பட வேண்டும், மெஹ்ரௌலி தர்காவின் ஆண்டு விழா வழக்கம்போல் நடைபெற வேண்டும் என்பவை அவர் எதிர்பார்த்தவற்றுள் சில. பல சமயத் தலைவர்களும் அமைப்புகளும் உறுதி அளித்தபின் சனவரி 18 அன்று நோன்பை முடித்தார். சனவரி 27 அன்று மெஹ்ரௌலி விழாவிற்குத் தாமே சென்றார். மூன்று நாள்களுக்குப் பின் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உரசல் தணிந்த விதம்

அறிவுரையால் மட்டும் உரசல் தணிந்துவிடவில்லை. உரசலின் காரணங்களை நீக்க வேண்டியிருந்தது. நடுவண் அரசு 1947-இலேயே மறுவாழ்வுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. நகரைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இராஜேந்திர நகர், பட்டேல் நகர், லஜ்பத் நகர், மாளவியா நகர் ஆகியவை அவற்றுட் சில. தலைவர்களின் பெயர் தாங்கிய இப்பகுதிகள் வீடிழந்தவர்களின் குடியிருப்புகளாகத் தொடங்கியவை என்பதை இன்று அங்கு வாழ்வோருள் பலர் மறந்திருக்கலாம்.

நடைபாதை விற்பனையாளர்களுக்குச் சிறு கடைகளும் சந்தைகளும் ஒதுக்கப்பட்டன. எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் கான் மார்க்கெட்டில் கடைகள் கிடைத்தன. அச்சந்தை அம்மாகாணத்தின் தலைவர்களான கான் சகோதரர்களை நினைவூட்டும் பெயர் கொண்டது. தம்மைத் துரத்திய கலவரத்தை மறவாதவர்களும், தம் மண்ணின் முஸ்லிம் தலைவர் ஒருவரின் பெயரைத் தம் கடைவாசலில் ஏற்றனர்.

கல்வியும் துணைசெய்தது. பகலில் உழைத்து மாலையில் படிக்க விரும்பிய இளைஞர்களுக்காகப் பஞ்சாப் பல்கலைக்கழகம் தில்லியில் முகாம் கல்லூரி ஒன்றை நடத்தியது. தில்லிக்குத் தெற்கே ஃபரிதாபாத்தில், கமலாதேவி சட்டோபாத்யாய் முதலியோரின் கூட்டுறவு இயக்கத்தின் துணையோடு, வந்தவர்களே தம் நகரைக் கட்டும் பணியில் ஈடுபட்டனர்.

உணவு இன்னொரு பாலமாயிற்று. பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய உணவகத்தால் தந்தூரி அடுப்பின் சுவை தில்லி முழுவதும் பரவியது. ஒரு காலத்தில் ‘அவர்கள் உணவு’ என்று கருதப்பட்டது பின்னர்த் ‘தில்லி உணவு’ ஆயிற்று. மொழியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தில்லியின் ஆட்சிமொழிச் சட்டம் பிற்காலத்தில் உருதுவுக்கும் பஞ்சாபிக்கும் ஒருங்கே இரண்டாம் ஆட்சிமொழி என்னும் நிலையை வழங்கியது. இருந்தவர் மொழியும் வந்தவர் மொழியும் ஒரே பெயர்ப்பலகையில் இடம்பெற்றன.

எல்லாக் காயங்களும் ஆறிவிட்டன என்று கூறுவதற்கில்லை. 1941-இல் தில்லி மக்களுள் மூவரில் ஒருவராக இருந்த முஸ்லிம்கள் 1951-இல் நூற்றுக்கு ஆறு பேர் என்னும் அளவுக்குக் குறைந்தனர். அவர்களோடு பல கைத்தொழில்களும் பழைய தில்லியின் பேச்சுநயமும் பெருமளவு மறைந்தன. நகரம் புதியதொன்றைப் பெற்றது, பழையதொன்றை இழந்தது. இரண்டையும் ஒருசேர நினைவில் வைப்பதே நேர்மையான வரலாறு ஆகும்.

வந்தவர் யார், இருந்தவர் யார்?

தில்லியில் ‘இருந்தவர்’ என்று தம்மைக் கருதியவர்களின் முன்னோரும் ஒரு காலத்தில் அங்கு வந்தவர்களே. ஷாஜகானின் நகருக்குப் பல திசைகளிலிருந்தும் வணிகரும் கலைஞரும் வந்து குடியேறினர். 1947-இல் வந்தவர்களின் பேரக்குழந்தைகள் இன்று அந்நகரின் பழங்குடிகள்போல் பேசுகின்றனர். அண்மையில் வேறு மாநிலங்களிலிருந்து வந்தோரைப் பார்த்துச் சில வேளைகளில் முகம் சுளிக்கவும் செய்கின்றனர்.

தமிழர்களும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். 1923-ஆம் ஆண்டிலேயே தில்லித் தமிழர்கள் தம் குழந்தைகளின் கல்விக்காகச் சங்கம் அமைத்தனர். பிற்காலத்தில் கரோல் பாக்கில் பஞ்சாபிக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தன. ஒரு சாரார் மாநிலம் இழந்து வந்தவர். மறுசாரார் வேலைக்காக மாநிலம் கடந்து வந்தவர். இருசாராருக்கும் அது பிறந்த ஊரன்று. ஆயினும் அவர்தம் குழந்தைகளுக்கு அதுவே பிறந்த ஊராயிற்று.

வந்தவர் கற்க வேண்டியதும் இருந்தவர் கற்பிக்க வேண்டியதும் உண்டு. வந்தவர் தாம் நுழையும் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு வாழ்வு உண்டு என்பதை மதித்தல் வேண்டும். இருந்தவர் அவ்வாழ்வு தம்மோடு முடிவடைந்துவிடுவதில்லை என்பதை ஏற்றல் வேண்டும். இடமும் பிழைப்பும் மதிப்பும் இருசாராருக்கும் கிடைக்கும்போது உரசல் உறவாக மாறுகிறது.

சொற்பொருள்

ஏதிலியர் – புகலிடமற்றவர், அகதிகள்
உரசல் – மனவேறுபாடு, சிறு மோதல்
அடைக்கலம் – புகலிடம்
பாசாங்கு – பொய்யான நடிப்பு
ஈடு – இழப்புக்கு மாற்றாகப் பெறுவது

பயிற்சி

1. தில்லியில் இருசாராரிடையே உரசல் தோன்றுவதற்குக் காரணமானவை மூன்றனை எழுதுக.
2. ‘சரணார்த்தி’, ‘புருஷார்த்தி’ என்னும் சொற்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக. வந்தவர்கள் இரண்டாம் சொல்லை விரும்பியது ஏன்?
3. காலியான வீட்டில் குடியேறியவர், அவ்வீட்டுக்குத் திரும்பி வந்தவர் ஆகிய இருவரின் நிலையையும் தனித்தனியே ஐந்து வரிகளில் எழுதுக.
4. நீவிர் வாழும் ஊருக்கு உம் குடும்பத்தினர் எப்போது, எதற்காக வந்தனர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவர்களுக்கு முதலில் உதவியவர் யார் என்பதையும் குறிப்பிடுக.