காயசண்டிகையின் பசியும் மூன்று கரண்டிக் கஞ்சியும்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு மங்கை வருகிறாள். விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை உண்பதற்கென வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையால், 'யானைத்தீ' என்னும் தீராப் பசிநோய்க்கு ஆளாகிக் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் அலைகிறாள். எத்துணை உண்டாலும் அவள் வயிறு நிறைவதில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடிச் சோற்றினால் அந்நெருப்பு அவிந்ததாகச் சாத்தனார் பாடுகிறார். நாம் அமுதசுரபியின் பெருமையில் ஆழ்ந்துவிடுகிறோம். ஒரு பிடியில் வயிறு நிறையக் கற்றுக்கொண்டவள் மறுநாட் காலையில் என்ன உண்டாள், எவ்வளவு உண்டாள் என்று கேட்பதில்லை. கேட்கவும் வழியில்லை. வானவழியே ஊர் திரும்புகையில் விந்தமலையைக் காக்கும் தெய்வம் அவளைத் தன் வயிற்றுள் இழுத்துக்கொண்டதென்று கூறிக் காப்பியம் அவள் கதையை முடித்துவிடுகிறது. பசியாலே துன்புற்றவளுக்கு இன்னொரு வயிறே முடிவாயிற்று!

அந்த மறுநாட் காலையைப் பற்றியதே இக்கட்டுரை. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை இன்று கொழும்பிலும் தென்னிந்திய நகரங்களிலும் செய்யப்படுகிறது. ஒருமுறை செய்தது போதாமலோ பிழைத்துப் போனமையாலோ இரண்டாம் முறையும் கத்தியை நாட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவ்விரண்டாம் சிகிச்சைக்குப் பின் பதுளைப் பக்கத்து வீடொன்றுக்குத் திரும்பும் ஒருவர் எதனை, எவ்வாறு, யார் முன்னிலையில் உண்பது என்பது மருத்துவ நூல்கள் மட்டும் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அன்று.

இரைப்பையை வெட்டியும் மனிதன் வாழலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் வியன்னா நகரத்துச் சத்திரசிகிச்சை மேதை தியோடர் பில்ரொத். 1881ஆம் ஆண்டு சனவரியில் புற்றுநோயுற்ற பெண்மணியொருவரின் இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சியதைக் குடலோடு தைத்தார். அப்பெண்மணி சில மாதங்களே வாழ்ந்தார். ஆயினும் வழி திறந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குடற்புண்ணுக்கு இதுவே பெரும் பரிகாரமாக விளங்கிற்று. அவ்வாறு வெட்டுண்டவர்கள் மெலிந்துபோவதையும், மீண்டும் பருக்க இயலாது தவிப்பதையும் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேர்ட் மேசன் கவனித்தார். நோயின் தொல்லையாகக் கருதப்பட்ட அம்மெலிவையே மருந்தாக்கினால் என்ன என்று அவர் எண்ணியதன் பயன், 1966இல் நிகழ்ந்த முதலாவது இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை. அதற்குப் பின், இரைப்பையின் கழுத்தில் பட்டி கட்டும் முறையும், இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டியெறிந்து சட்டைக்கை போன்ற குழாயாக்கும் முறையும் வந்தன.

சாதாரண இரைப்பை ஏறக்குறைய ஒரு லீற்றர் உணவைத் தாங்கும். சட்டைக்கைக் குழாயில் 100 முதல் 150 மில்லிலீற்றர் வரையே கொள்ளும். மாற்றுவழிச் சிகிச்சையில் மேலே விடப்படும் சிறுபையோ 30 மில்லிலீற்றர் அளவினது. நம் வீட்டுத் தேநீர்க் கோப்பையின் அடியை மறைக்கும் அளவென்று கொள்க.

இவ்வளவு சிறிய பை இருந்தும் உடல் மீண்டும் பருப்பதேன்? பலர் இதனை நாக்கின் அடங்காமை என்று எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். அத்தீர்ப்பு நீதியற்றது. பசி மனத்தில் மட்டும் பிறப்பதன்று. இரைப்பையின் மேற்பகுதியில் ஊறி, மூளைக்குச் சென்று பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பை யப்பானிய அறிஞர்களான கொஜிமாவும் கங்காவாவும் 1999இல் கண்டறிந்தனர். உடல் மெலிய மெலிய, இழந்த எடையை மீட்பதற்கு உடலே போராடுகிறது. இது ஒருபுறம். மறுபுறம், பட்டி கட்டியவருக்குச் சோறும் இறைச்சியும் இறங்க மறுக்கும், சீனித் தேநீரும் ஐஸ்கிறீமும் தடையின்றி வழுக்கி இறங்கும். எது நோகாமல் இறங்குகிறதோ அதை நாடுவது மனித இயல்பு. இவ்வாறு சிகிச்சையே ஒருவரை இனிப்பின் பக்கம் தள்ளிவிடுவதுண்டு. பட்டி நழுவுதல், குழாய் ஒடுங்குதல், சட்டைக்கைச் சிகிச்சைக்குப் பின் அமிலம் மேலெழுந்து நெஞ்சை எரித்தல் ஆகியனவும் இரண்டாம் சிகிச்சைக்குக் காரணமாகின்றன. அப்போது பெரும்பாலும் மாற்றுவழிச் சிகிச்சைக்கே மாற்றுகிறார்கள். முன்னைய தழும்புகளின் மேல் வெட்டுவதால், முதற் சிகிச்சையைவிட இதிற் சிக்கல்கள் கூடுதல்.

இங்கேதான் நோயாளி ஏமாறுகிறார். "நான் ஒருமுறை பார்த்தவன், எனக்குத் தெரியும்" என்ற துணிவோடு வீடு திரும்புகிறார். ஆனால் விதிகள் மாறிவிட்டன. நேற்றுவரை நோகாமல் இறங்கிய அதே சீனித் தேநீர் இன்று குடலுட் குதிக்கிறது. பத்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு முறுக்குகிறது, தலை சுற்றுகிறது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்துச் சீனி திடீரெனத் தாழ்ந்து கைகால் நடுங்குவதும் உண்டு. குடற்புண் நோயாளிகளிடம் மருத்துவர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டு எழுதிய துன்பந்தான் இது. அன்று அது தொல்லை. இன்று சிலர் இதனைக் காவற்காரன் என்கிறார்கள். படபடப்புக்கு அஞ்சியாவது இனிப்பை விடுவார்களாம். காவற்காரனின் தடியடி பட்டவருக்கே அதன் சிறப்புத் தெரியும்.

ஊவாவின் உணவுத் தட்டை இப்போது நோக்குவோம். பசறையாயினும் அப்புத்தளையாயினும் மடுல்சீமையாயினும் தோட்டத்து நாள் சாயத்தண்ணியோடு விடிகிறது. குளிர்மலையிலே சீனி சேர்த்த சுடுசாயம் தொழிலாளிக்குச் சூடும் உடனடிச் சக்தியுமாகும். பெரட்டுக்களத்துக்கு ஓடுமுன் தடித்த கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், மீண்டும் சாயம். இவ்வுணவை நாம் இகழவில்லை. மலைச்சரிவில் கூடை சுமந்து ஏறுபவரைத் தாங்கியது இதுவே. ஆனால் சுருக்கப்பட்ட இரைப்பைக்கு இதைவிடப் பொல்லாத தட்டைக் கற்பனை செய்வது கடினம். மென்ற ரொட்டி பசையாகத் திரண்டு சிறுபையின் வாயை அடைக்கும். உணவோடு பருகும் சாயம் உணவைக் குடலுக்குத் தள்ளிவிட்டு வயிற்றை வெறுமையாக்கும். சீனி படபடப்பைத் தரும். இவற்றோடு இன்னொன்று: தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பிணைத்து உடலிற் சேராமற் செய்கிறதென்று 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். மாற்றுவழிச் சிகிச்சையிலே இரும்பு உறிஞ்சப்படும் முன்சிறுகுடலையே உணவு தொடாமற் கடந்துவிடுகிறது. தேயிலை மண்ணிற் பிறந்தவரிடம் உணவோடு தேயிலையை அருந்தாதே என்பது கடுமையான கட்டளைதான். ஆயினும் உணவுக்கும் சாயத்துக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு, சீனியின்றி அருந்தினால் அக்கட்டளையோடு சமாதானம் செய்துகொள்ளலாம்.

வீடு திரும்பியவரின் படிமுறை ஏறக்குறைய இவ்வாறு அமையும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்ம உணவு. பின் இரண்டு வாரமளவில் வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர் போன்றவை. அதன்பின் மசித்தவை, ஒன்றரை மாதமளவில் மென்மையானவை, பின்னரே திட உணவு. ஒவ்வொருவருக்குமுரிய கால அளவைச் சிகிச்சை செய்த வைத்தியரே வகுக்க வேண்டும். வீட்டார் செய்யக்கூடியது கரண்டியைச் சிறிதாக்குவது. தேக்கரண்டியால், ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் இடையே காத்திருந்து, மூன்று கரண்டிக் கஞ்சியைக் கால்மணி நேரத்தில் உண்ணும் பொறுமையே இங்கு மருந்து. உண்ணும்போது தண்ணீர் கூடாது. உண்டு அரைமணி கழித்து மிடறு மிடறாகப் பருகலாம்.

உடல் தசையை இழக்காதிருக்க நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பர். இதற்கு விலையுயர்ந்த அந்நிய மாப்பேணிகள்தாம் வழியென்று எண்ண வேண்டியதில்லை. இரண்டு முட்டை, நாள் முழுதும் பங்கிட்டு உண்ணும் ஒரு கோப்பை கடைந்த பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், முள் நீக்கி மசித்த ஒரு துண்டு மீன்; இவை சேர்ந்தாலே 50 கிராமை எட்டிவிடும். நெத்தலிக் கருவாட்டைப் பொடித்துப் பருப்பிலே கலக்கும் வழக்கம் நம் பாட்டிமாருக்குப் புதிதன்று. ஊவாவின் சேனைகளில் விளைந்த குரக்கனில் கல்சியம் மிகுதி. அதன் கூழ் மென்மையானது. முதலிற் புரதம், பின் கீரையும் மரக்கறியும், இடமிருந்தால் சோறு என்பது புதிய வரிசை. சோற்றைக் குன்றாக்கிக் கறியை அதன் அடிவாரத்தில் வைக்கும் நமது வரிசை தலைகீழாகிறது.

அவ்வளவையும் சரியாக உண்டாலும் வெட்டப்பட்ட உடல் சில சத்துக்களைத் தானாகப் பெறமாட்டாது. இரும்பு, கல்சியம், உயிர்ச்சத்து பி12, உயிர்ச்சத்து டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் மருந்தாகவே எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஓயாத வாந்தி இருந்தால், "பழகிவிடும்" என்று காத்திருத்தல் ஆபத்து. தயமின் என்னும் பி1 சத்து சில வாரங்களிலே வற்றி மூளையைத் தாக்கக்கூடும். கண் மங்குதலும் நடை தள்ளாடுதலும் தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மதுப் பழக்கமுடையோருக்கு ஒரு சொல்: மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பின் சாராயம் முன்னிலும் விரைவாக இரத்தத்தில் ஏறும், முன்பு இருவருக்குப் போதை தந்தது இப்போது ஒருவரை வீழ்த்தும்.

இவையெல்லாம் உடலின் கணக்கு. உறவின் கணக்கு வேறு.

2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் 17 வீதம். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 வீதம். இத்தகைய மண்ணில் உடற்பருமனைப் பற்றிப் பேசுவது பரிகாசமாகத் தோன்றலாம். ஆனால் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் வாடிய உடல், பிற்காலத்தில் உணவு பெருகும்போது நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகிறதென்று சவுதாம்டன் நகரத்து டேவிட் பார்க்கர் 1980களின் பிற்பகுதி தொட்டு எடுத்துக்காட்டி வந்தார். கொழுந்து பறித்தவரின் மகன் கடை முதலாளியாகிறான், மகள் ஆசிரியையாகிறாள். மலையேற்றம் நின்றுவிடுகிறது, ரொட்டியும் சீனிச் சாயமும் நிற்கவில்லை. தாயின் பசி மகளின் பருமனுக்கு எதிரியன்று, அதன் முன்கதை எனலாம். ஆசியர்களுக்குக் குறைந்த பருமனிலேயே இச்சிகிச்சையைக் கருதலாமென்று உலகச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் 2022இல் பரிந்துரைத்தமையும் இத்தகைய உடல்வாகை நோக்கியே.

அத்தகைய வீடொன்றில் முதியவள் ஒருத்தி இருப்பாள். 1973, 1974ஆம் ஆண்டுகளைக் கண்டவள். உலகச் சந்தையிலே தானிய விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கிய அந்நாட்களில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கிழங்கும் இலையும் அவித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களுக்கு, நிறைந்த சட்டியின் முன் பேரப்பிள்ளை மூன்று கரண்டியோடு எழுவது எப்படித் தோன்றும்? "இன்னும் ஒரு வாய் சாப்பிடு தாயி" என்ற சொல்லில் அரை நூற்றாண்டு அச்சம் இருக்கிறது. அதனை அறியாமை என்று தள்ளிவிடுவது கொடுமை. அந்த ஒரு வாயை உண்பதோ பிள்ளைக்கு வாந்தியும் வலியும்.

விருந்துகளிலும் இதே இக்கட்டு. கலியாண வீட்டிலே இலையை மிச்சம் வைப்பது வீட்டாரை இழிவுபடுத்துவதாகக் கொள்ளப்படும். பலர் நோயை மறைக்கவே விரும்புகின்றனர். பருமனுக்கு வெட்டிக்கொண்டதைச் சொல்ல நாணம், இரண்டாம் முறையும் வெட்டியதைச் சொல்ல இரட்டை நாணம். எனவே உண்டுவிட்டுப் பின்கட்டில் ஒளித்து வாந்தியெடுக்கிறார்கள், அல்லது விருந்துக்கே போகாமல் உறவை இழக்கிறார்கள். "வயிற்றிலே ஒப்பரேசன், டாக்டர் கொஞ்சந்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்" என்ற ஒரு வாக்கியம் பொய்யுமன்று, முழு வரலாறுமன்று, அது பெரும்பாலும் போதும். பந்திக்கு முன்னரே வீட்டாரிடம் சொல்லிவைத்துச் சிறு இலையோ கிண்ணமோ கேட்பது இன்னும் நன்று.

தொழில் செய்வோருக்கு நேரமே பெரும் இடர். நாளுக்கு ஐந்து ஆறு முறை சிறிது சிறிதாக உண்ண வேண்டியவருக்குத் தோட்டத்து மணியும் பாடசாலை மணியும் இடந்தருவதில்லை. ஆசிரியர் ஒருவர் இரண்டாம் பாடவேளை முடிந்ததும் அவித்த முட்டையில் பாதியைத் தின்னலாம். கேள்வி கேட்பார் இல்லை. கொழுந்து மலையிலே நிற்கும் பெண் அவ்வாறு கையைக் கழுவிக்கொண்டு அமர்ந்தால் அன்றைய நிறை குறையும், குறைந்தால் கூலியும் குறையும். இவருக்காக வைத்தியர் தரும் கடிதத்தில் "இலேசான வேலை" என்று மட்டும் எழுதுவது பயன்படாது. இரண்டு மணிக்கொருமுறை கால்மணி நேரம் உண்பதற்கு வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதனை நோயாளி கேட்டுப் பெற வேண்டும். வெட்கப்பட்டுக் கேளாமல் வந்தால், அடுத்த கிளினிக்குக்கு மீண்டும் பஸ் ஏற வேண்டியிருக்கும்.